வரிசையில் நிற்பவர் யார்?

வரிசை என்பது ஏழையின் நீதிமன்றம். செல்வம் உடையவனுக்கு ஒரு பொருளைப் பெறப் பல வாயில்கள் உண்டு. செல்வாக்கு உடையவனுக்குப் பின்கதவு உண்டு. இரண்டும் இல்லாதவனுக்கு எஞ்சுவன அவனுடைய கால்களும், கோழி கூவுமுன் எழுந்துவிடும் வழக்கமுமேயாம். முந்தி வந்தவனுக்கு முதலிடம் என்ற விதியை எவரும் சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. எனினும் சங்கக்கடை முன்றிலிலும், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதியிலும், பஸ் தரிப்பிடத்திலும் அவ்விதியை மீறியவன் பட்ட பாட்டை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிப் பங்கீடு வந்த நாள் தொடக்கம் 2022 ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசை வரை, இலங்கையர் வரிசையில் நின்று பழகியவர்கள். அவ்வரிசைகளில் தந்திரம் இல்லாமலில்லை. கல்லை வைத்து இடம் பிடித்தோர் உண்டு. மண்ணெண்ணெய்ப் போத்தலை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர் உண்டு. ஆயினும் ஒரு கல்லுக்கு ஓர் இடந்தான். ஒருவன் ஐந்நூறு கற்களைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தால், பின்னால் நின்றவர்கள் அக்கற்களை எங்கே எறிந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்த நியாயத்துக்கு மறைவான அத்திவாரம் ஒன்று இருந்தது. ஒரு மனிதனுக்கு ஓர் உடல், அவ்வுடல் ஒரே நேரத்தில் ஓரிடத்திலேதான் நிற்கும், நின்றால் நோகும். இம்மூன்று உண்மைகளும் சேர்ந்தே வரிசையை நியாயமாக்கின. வரிசை இணையத்துக்குக் குடிபெயர்ந்தபோது இம்மூன்றும் ஒருங்கே கழன்றுவிட்டன. ஆனால் விதி மட்டும் மாறாமல் நிற்கின்றது. முந்தி வந்தவனுக்கு முதலிடம் என்றே இன்றும் விற்கிறார்கள். முந்தி வருவது யார் என்பதே இன்று நாம் கேட்கவேண்டிய கேள்வி.

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நமது நாட்டில் பெரிதும் பேசப்பட்ட விடயம் ஒன்றை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எல்லவுக்குச் செல்லும் புகையிரதத்தின் ஒதுக்கிய ஆசனச் சீட்டுக்கள், இணையத்தில் விற்பனை திறந்து 42 வினாடிகளுக்குள் தீர்ந்துவிடுகின்றன என்று அரசாங்கத் தரப்பினரே கூறினர். அச்சீட்டுக்கள் பின்னர் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பன்மடங்கு விலையில் விற்கப்பட்டன என்பதும் வெளிவந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கிற்று.

நாற்பத்திரண்டு வினாடி என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், திகதி, வகுப்பு, ஆசனம் ஆகியவற்றைத் தெரிவுசெய்து, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, கடனட்டையின் பதினாறு இலக்கங்களையும் பிழையறப் பதிந்து, வங்கி அனுப்பும் இரகசிய எண்ணுக்காகக் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கொண்டிருக்கும் ஒருவருக்கு இரண்டு நிமிடமாவது வேண்டும். விரைந்து எழுத்தடிக்கத் தெரிந்தவருக்கும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. ஆகவே அந்த 42 வினாடிகளில் நடந்தது மனிதர்க்கிடையே ஓட்டப்பந்தயம் அன்று. பந்தயம் தொடங்குமுன்பே அது முடிந்துவிட்டது. மனிதர்கள் சப்பாத்துக் கட்டிக் கொண்டிருந்தார்கள், அவ்வளவே.

இளைஞர்கள் 'பொட்' என்று சொல்லும் தானியங்கி நிரலின் வேலைமுறை மாயமானது அன்று. நாம் கண்ணாற் காணும் பக்கத்தை அது காண்பதில்லை. அப்பக்கத்துக்குப் பின்னால், விற்பனைக் கணினிக்குச் செல்லவேண்டிய வேண்டுகோளை மட்டும் அது ஆயத்தமாக எழுதி வைத்திருக்கும். பெயர், இலக்கம், அட்டை எல்லாம் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். மணி அடித்த மறுகணமே அவ்வேண்டுகோள் நூற்றுக்கணக்கில் பறக்கும். எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தால் விற்பவர் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பல்வேறு ஊர்களிலுள்ள சாதாரண வீட்டு இணைப்புக்களின் ஊடாக அவ்வேண்டுகோள்களைத் திருப்பிவிடும் சேவை வாடகைக்குக் கிடைக்கின்றது. விற்பவரின் கணக்கில் அவை நூறு வீடுகளிலிருந்து வந்த நூறு குடும்பங்களாகவே தோன்றும். மன்னாரிலோ மொனராகலையிலோ கைத்தொலைபேசியின் அலைவரிசை வந்தும் போயும் கொண்டிருக்க, திரையைத் தேய்த்துக் கொண்டிருக்கும் ஒருவர் இந்த நூறு போலிக் குடும்பங்களோடு போட்டியிட வேண்டியிருக்கின்றது.

இது புதிய கதையுமன்று. அமெரிக்காவிலே 'வைஸ்கை டிக்கெட்ஸ்' என்ற கம்பனியின் மீது 2010 ஆம் ஆண்டு நியூ ஜேர்சியில் வழக்குத் தொடரப்பட்டது. 2002 தொடக்கம் 2009 வரை இசைக் கச்சேரிகள், விளையாட்டுப் போட்டிகள் ஆகியவற்றின் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரவேசச் சீட்டுக்களை அவர்கள் கணினி நிரல்களால் வாரி எடுத்து, 2 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேல் இலாபம் ஈட்டினர் என்பது அரசதரப்பின் குற்றச்சாட்டு. நிரல்களை எழுதியோரில் சிலர் பல்கேரியாவில் இருந்தனர். கடல் கடந்த ஒரு நாட்டில் இருந்த மூளைகள், நியூ யோர்க் நகரத்துப் பிள்ளை ஒன்று தன் சேமிப்பைக் கொண்டு வாங்கவிருந்த ஆசனத்தைப் பறித்துக் கொண்டன. பறிகொடுத்த பிள்ளைக்கோ, எவரும் தன்னை நெருக்கித் தள்ளியதாகக்கூடத் தெரிந்திராது. திரையில் 'விற்றுத் தீர்ந்தது' என்று வந்திருக்கும். தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டு போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அநீதியின் விசேடம் இதுவேயாகும். அடிபட்டவனே அதைத் தன் விதி என்று ஏற்றுக்கொள்கிறான்.

இவற்றைத் தடுக்க முதலில் வந்த காவலாளி, கோணல் எழுத்துக்களைக் காட்டி வாசிக்கச் சொல்லும் சோதனை. 'கப்சா' என்ற பெயரை அதற்குக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் வொன் ஆன், மனுவேல் புளும் ஆகியோர் அடங்கிய குழுவினர் இட்டு வழங்கினர். மனிதனால் எளிதிற் செய்யக்கூடியதும் இயந்திரத்தாற் செய்யமுடியாததுமான ஒரு வேலையைக் கொடு. செய்து முடிப்பவனை உள்ளே விடு என்பதே தத்துவம். தத்துவம் அழகானது. ஆனால் இயந்திரம் வாசிக்கக் கற்றுக்கொண்டது. அது கற்குமுன்பே, குறைந்த கூலிக்கு நாள் முழுவதும் இருந்து இச்சோதனைகளைத் தீர்த்துக் கொடுக்கும் மனிதர்களைத் தரகர்கள் அமர்த்திக்கொண்டனர். பின்னர் எழுத்துப் போய்ப் படம் வந்தது. போக்குவரத்து விளக்கு எதில் உண்டு, துவிச்சக்கர வண்டி எதில் உண்டு என்று கேள்விகள் பெருகின. இன்று பார்வை மங்கிய முதியவர் ஒருவர் அச்சோதனையில் மும்முறை தோற்று நிற்க, நிரல் ஒரே முயற்சியில் தேறிவிடுவது கண்கூடு. காவலாளி திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை மறிக்கிறான்.

அயலிலே இந்தியாவை நோக்குவோம். அங்கே அவசரப் பிரயாணிகளுக்கென ஒதுக்கப்படும் 'தத்கால்' சீட்டுக்கள், புறப்படும் நாளுக்கு முதல்நாள், குளிரூட்டிய வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் ஏனையவற்றுக்கு 11 மணிக்கும் விற்பனைக்குத் திறக்கப்படுகின்றன. சென்னையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ சாவீட்டுக்குப் போகவேண்டியவரும், வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போகும் இளைஞரும் அந்த மணியடிப்புக்காகக் காத்திருப்பர். 2025 ஜூன் மாதத்தில் இந்திய ரயில்வே அமைச்சே ஒரு கணக்கை வெளியிட்டது. விற்பனை திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்வோரிற் பாதியளவு வரை தானியங்கி நிரல்களே என்றும், சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன என்றும் அது கூறிற்று. அதே அறிக்கையின்படி 2025 மே 22 ஆம் நாள் காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 சீட்டுக்கள் பதிவாகின. இரண்டரைக் கோடிப் போலிக் கணக்கு! நமது நாட்டின் மொத்தச் சனத்தொகையைவிட அது அதிகம். இல்லாத மனிதர்களைக் கொண்டு ஒரு தேசத்தையே சிருட்டித்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூலை முதலாம் நாளிலிருந்து, ஆதார் எண்ணால் உறுதிசெய்யப்பட்ட கணக்குடையோர் மட்டுமே இணையத்தில் தத்கால் சீட்டு வாங்கலாம் என்று விதித்தனர். அதிகாரம் பெற்ற முகவர்கள் முதல் அரைமணி நேரத்துக்கு விலக்கப்பட்டனர். நல்ல விதிகளே. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2017 டிசெம்பரில் இத்தகைய சட்டவிரோத நிரல் ஒன்றை எழுதி முகவர்களுக்கு விற்றார் என்று கைதுசெய்யப்பட்டவர், மத்தியப் புலனாய்வுப் பிரிவிலேயே பணிபுரிந்த ஓர் உதவி நிரலாளர். முன்னர் ரயில்வேயின் இணையச் சீட்டு நிறுவனத்திலும் வேலை செய்தவர். பூட்டைச் செய்தவனுக்குத் திறப்பின் வடிவம் தெரியும். ஆகவே பூட்டை இன்னும் பெரிதாக்குவதால் மட்டும் இவ்விடயம் தீராது.

ஒரு கல்லூரி மாணவர் சில மாதங்களுக்கு முன் என்னுடன் வாதித்தார். "நான் எழுதிய நிரல் யாருடைய பணத்தையும் திருடவில்லை. விற்பவர் கேட்ட விலையைக் கொடுக்கிறது. மற்றவர்கள் மெதுவாக வருகிறார்கள், நான் வேகமாக வருகிறேன். ஓடத் தெரிந்தவன் பஸ்ஸில் இருக்கை பிடிப்பது குற்றமா, ஐயா?" என்பது அவருடைய கேள்வி. கெட்டிக்காரப் பிள்ளை, கேள்வியும் கெட்டிக்காரத்தனமானதே. ஓடி வந்து ஓர் இருக்கை பிடிப்பவனை ஒருவரும் வையமாட்டார். ஓடி வந்து நாற்பது இருக்கைகளிலும் துவாயை விரித்துவிட்டு, வாசலில் நின்று அவற்றை விற்பவனைப் பற்றியே பேசுகிறோம் என்றேன். அவர் சிரித்தார்; ஒப்புக்கொண்டாரா என்பது தெரியாது.

ஆனால் அவருடைய வாதத்தில் என்னைத் தைத்தது வேறொன்று. வேகத்துக்குப் பரிசு என்று விற்பவர்தாமே விதித்திருக்கிறார்? வேகத்தைப் பரிசுக்குரியதாக்கிவிட்டு, மிக வேகமானவனைக் குற்றவாளி என்பது என்ன நியாயம்? இவ்விடத்திலேதான் நமது சிந்தனை திரும்பவேண்டும் என்று நான் கருதுகிறேன். காலை நான்கு மணிக்கு வந்து நின்றவனுக்கும் ஆறு மணிக்கு வந்தவனுக்கும் இடையே உள்ள இரண்டு மணிநேரம் ஒரு தகுதி. அவனுடைய தேவையின் அளவை அது ஒருவாறு காட்டிற்று. பத்து மணி தாண்டி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் வந்தவனுக்கும், பத்துப் பங்கில் வந்தவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு எந்தத் தகுதியைக் காட்டுகிறது? கம்பியின் தரத்தைக் காட்டுகிறது. பொருளற்ற அளவுகோலைக் கொண்டு அளந்துவிட்டு, அளவிற் கள்ளம் புகுந்துவிட்டதே என்று அழுகிறோம்.

அளவுகோலை மாற்றினால் என்ன? விற்பனையை ஒரு கணத்தில் திறவாமல், மூன்று நாளோ ஒரு வாரமோ பெயர் பதிய விட்டு, பின்னர் குலுக்கி எடுத்தால் வேகம் என்பதன் மதிப்பு பூச்சியமாகிவிடும். திங்கட்கிழமை பதிந்த நிரலுக்கும், வியாழன் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பதிந்த தாய்க்கும் ஒரே வாய்ப்பு. சில விற்பனைத் தளங்கள் இதன் சிறிய வடிவம் ஒன்றைக் கையாளுகின்றன. விற்பனை தொடங்குமுன் வந்தவர்களை எல்லாம் ஒரு காத்திருப்பு மண்டபத்தில் இருத்தி, மணி அடித்ததும் அவர்களைக் கலைத்துப் போட்டு எண் கொடுக்கின்றன. மண்டபம் நல்லதே, ஆயினும் குறித்த அந்த நேரத்தில் வேலைத்தலத்திலோ வகுப்பறையிலோ இருப்பவருக்கு அது உதவுவதில்லை. ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

குலுக்கல் என்றவுடன் சூதாட்டம் என்று முகஞ் சுளிப்போர் நம்மில் உளர். அவர்கட்கு உத்தரமேரூரை நினைவூட்டுவேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921 ஆம் ஆண்டளவின, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் எடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சபையோர் காண, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். பலரும் இதை ஜனநாயகத்தின் பெருமையாகச் சொல்லி அத்துடன் நிறுத்திவிடுவர். நான் வியப்பது குடத்தையன்று. குடத்துக்குள் ஓலை புகுவதற்குமுன் அவர்கள் வைத்த நிபந்தனைகளை. சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும், கால்வேலி நிலம் வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட வேண்டும், முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவனாக இருத்தலாகாது. அந்நிபந்தனைகளிற் சில இன்றைய நோக்கிற் பிழையானவை. நிலமற்றவனையும் பெண்ணையும் அவை வெளியே நிறுத்தின. ஆனால் அதனுள்ளே கிடந்த அறிவு பிழையன்று. குடத்துக்குள் யாருடைய ஓலை, எத்தனை ஓலை என்பதைக் காவாமல், குலுக்குவதை மட்டும் நேர்மையாகச் செய்து பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஒரு சிறு கணக்கால் இதைத் தெளிவாக்கலாம். முந்நூறு ஆசனம், மூவாயிரம் பேர் பெயர் பதிந்தனர். பத்துப் பேருக்கு ஒருவர் வெல்வர். இப்போது ஒரு தரகர் இருபத்தேழாயிரம் பொய்ப் பெயர்களைக் குடத்திற் போட்டுவிடுகிறார் என்க. குடத்தில் முப்பதாயிரம் ஓலை. நூற்றுக்கு ஒன்றே வெல்லும். தரகருக்கு ஏறத்தாழ 270 ஆசனம்; மெய்யான மூவாயிரம் பேருக்கும் எஞ்சுவது 30. குலுக்கலில் எந்தக் கள்ளமும் இல்லை. ஆயினும் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால் ஒரு பெயர் என்று விட்டால் இதுவே நடக்கும். மின்னஞ்சல் முகவரியை ஆக்குவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே ஓர் ஓலைக்குப் பின்னால் ஒரு மெய்யான மனிதன் நிற்கவேண்டும். அதை அறிவதற்கு யப்பானில் நின்டெண்டோ கம்பனி 2025 இல் கையாண்ட உபாயம் என்னை மிகவும் கவர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 5 இல் வெளிவந்த 'சுவிட்ச் 2' என்ற விளையாட்டுப் பொறியைத் தன் சொந்த இணையக் கடையிற் குலுக்கல் முறையில் விற்றபோது, இரு நிபந்தனைகளை அது விதித்தது. விண்ணப்பிப்பவர் பழைய பொறியில் பெப்ரவரி 28 ஆம் நாளளவில் 50 மணிநேரமாவது விளையாடியிருத்தல் வேண்டும். அதன் இணையச் சேவையில் மொத்தமாக ஓராண்டாவது சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும். இந்நிபந்தனை பகிரங்கமானது ஏப்ரில் மாதத்தில்! பெப்ரவரியில் விளையாடாதவர் ஏப்ரிலில் அறிந்து என்ன செய்வது? எதிர்காலத்தை எவரும் பொய்யாக்கலாம். கடந்த காலத்தைப் பொய்யாக்க இயந்திரத்தாலும் இயலாது. தரகர்கள் திகைத்தே இருப்பர். அப்படியிருந்தும் யப்பானில் மட்டும் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர் என்றும், பலருக்கு முதற் சுற்றில் கொடுக்க இயலாது என்றும் கம்பனியின் தலைவர் புருக்காவா அறிவித்தார்.

உபாயம் கூரியதே. எனினும் அதன் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பழைய பொறியை வாங்க வசதியில்லாதிருந்து, இப்போதுதான் முதன்முறையாகத் தன் பிள்ளைக்கு ஒன்று வாங்க நினைத்த பெற்றோருக்கு அந்த வாயில் அடைபட்டது. விளையாட்டுப் பொருளுக்கு இது பெரிய அநீதியன்று. புகையிரதத்துக்கு இதைச் செய்யமுடியுமா? இதற்குமுன் ஐம்பது முறை பயணம் செய்தவரே பயணம் செய்யலாம் என்று அரசாங்கம் ஒன்று சொல்லலாகாது. பொதுப் பொருளுக்குப் பழைய வாடிக்கையாளர் என்ற தகுதி பொருந்தாது; குடிமகன் அல்லது பிரயாணி என்பதே தகுதி.

நமது நாட்டிலே, அவமானங்களுக்கிடையில், நாம் சரியாகச் செய்த ஒன்று உண்டு. 2022 இல் எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டன. வரிசையில் நின்றபடியே உயிர்விட்ட முதியவர்களும் இருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்தது. வாகனப் பதிவிலக்கம் ஒன்றுக்கு ஒரு கியூ.ஆர். குறியீடு, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று தொடக்க அளவு. குறைகள் பல இருந்தன. முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 5 லீற்றர் எம்மாத்திரம்? ஆனால் மூன்று நாள் நிற்க வல்லவனுக்கே பெற்றோல் என்ற நிலை அகன்றது. முந்துவதில் இலாபமில்லை என்றானபோது வரிசையும் குறுகிற்று. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்படும்வரை, இலட்சக்கணக்கானோர் ஒரு கடுதாசித் துண்டைக் காட்டி எண்ணெய் பெற்றனர். கைத்தொலைபேசி இல்லாதவரும் குறியீட்டை அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டனர் என்பதைக் குறித்துக்கொள்க. நல்ல முறைக்கு இலக்கணம் இதுவே: பொறியின் உதவி உண்டு, பொறியில்லாதவன் விலக்கப்படவில்லை.

பொருளியல் கற்ற நண்பர்கள் இவ்விடத்திற் குறுக்கிட்டு, இத்தனை தொல்லை எதற்கு, விலையை உயர்த்திவிட்டால் தரகனுக்கு இடமே இல்லையே என்பர். வாதம் வலுவானது. தரகனின் இலாபம் என்பது, விற்பவர் கேட்கும் விலைக்கும் மக்கள் கொடுக்கத் துணியும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளி. இடைவெளியை மூடினால் தரகன் ஒழிவான். ஆனால் 2024 ஓகஸ்ட் இறுதியில் இங்கிலாந்திலே ஒயாசிஸ் இசைக்குழுவின் சீட்டு விற்பனையில் நடந்ததைக் காண்க. 150 பவுண் அளவில் என்று நம்பி மணிக்கணக்காக இணைய வரிசையில் காத்திருந்தவர்கள், தம் முறை வந்தபோது 355 பவுண் என்று கண்டு திடுக்கிட்டனர். தரகன் செய்தால் கறுப்புச் சந்தை, விற்பவரே செய்தால் விலைக் கொள்கை என்பது பொதுமக்களுக்கு விளங்கவில்லை. போட்டிச் சந்தை அதிகாரசபை விசாரணை தொடங்கிற்று. சில பொருள்கள் மலிவாக விற்கப்படுவது விற்பவரின் அறியாமையால் அன்று. மலிவாக இருத்தலே நோக்கம் என்பதால். 2023 இல் 'த கியூர்' குழுவின் பாடகர் ரொபேட் சிமித் தம் இரசிகருக்காக 20 டொலர் அளவில் சீட்டுக்களை வைத்தார். மறுவிற்பனையையும் இயன்றவரை தடுத்தார். அதன்மேல் சேவைக் கட்டணம் சீட்டின் விலையையும் மிஞ்சிவிட, அவர் வெளிப்படையாகச் சினந்து பேசியபின் டிக்கெட்மாஸ்டர் கம்பனி ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. மலையகப் பாதையின் மூன்றாம் வகுப்பை ஏலத்தில் விட்டால் தரகன் ஒழிவான். அவனோடு பண்டாரவளை ஆசிரியையும் இறங்கிப் போய்விடுவார்.

இனிச் சட்டத்தின் கதை. அமெரிக்கா 2016 டிசெம்பரில் தானியங்கி நிரல்களாற் சீட்டு வாங்குவதைக் குற்றமாக்கிற்று. அச்சட்டத்தின்கீழ் முதல் நடவடிக்கை எடுக்கப்பட்டதோ 2021 ஜனவரியில்தான். நியூ யோர்க்கைச் சேர்ந்த மூன்று தரகு நிறுவனங்களுக்கு 3 கோடி 10 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டு, செலுத்த வகையில்லை என்று அது 37 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. நான்காண்டு உறங்கிய சட்டத்துக்கு எந்த நிரலும் அஞ்சப்போவதில்லை. 2022 நவம்பர் 15 இல் டெய்லர் சுவிஃப்ட் என்ற பாடகியின் சீட்டு விற்பனையில் டிக்கெட்மாஸ்டர் தளத்தை 350 கோடி வேண்டுகோள்கள் மோதின என்று அக்கம்பனியே சொல்லிற்று. அங்கே முற்பதிவும் இருந்தது, 35 இலட்சம் பேர் பதிந்திருந்தனர், அவருள் ஏறத்தாழ 15 இலட்சம் பேருக்கு இரகசியக் குறியீடும் தரப்பட்டது. பின் ஏன் குழம்பிற்று? தெரிவு செய்தபின், தெரிவானவர்களை மறுபடியும் ஓடவிட்டார்கள். பாதி வழி குலுக்கலில் வந்து மீதி வழியைப் பந்தயமாக்கினால், பந்தயத்தின் கேடுகள் அனைத்தும் திரும்பி வந்துவிடும். பொதுமக்களுக்கான விற்பனை கைவிடப்பட்டது. 2023 ஜனவரியில் செனற் சபையின் குழு ஒன்று கம்பனியை அழைத்து விசாரித்தது.

விற்பவரின் மனம் எங்கே இருக்கிறது என்பதே இவை எல்லாவற்றிலும் முக்கியம். முதல் விற்பனையிலும் கட்டணம் பெற்று, தரகர்கள் மறுவிற்பனை செய்யும் சந்தையையும் தானே நடத்தி அங்கும் கட்டணம் பெறும் ஒரு கம்பனிக்குத் தரகனைத் துரத்துவதில் என்ன அக்கறை இருக்கும்? 2025 செப்டெம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவும் ஏழு மாநிலங்களும் டிக்கெட்மாஸ்டர் மீதும் அதன் தாய்க் கம்பனி மீதும் தொடுத்த வழக்கின் சாரம் இதுவே. தரகர்கள் எல்லை மீறுவதை அறிந்தும் விட்டுவைத்தனர் என்பது குற்றச்சாட்டு. இதற்கு மாறாக, கிளாஸ்டன்பரி என்ற இங்கிலாந்து இசை விழாவினர் 2007 தொடக்கம் சீட்டிலேயே வாங்கியவரின் புகைப்படத்தை அச்சிட்டனர். வாங்கியவர் போகமுடியாவிட்டால் விழாவினரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். அதை அவர்கள் அதே விலைக்கு மறுபடி விற்பர். விற்பவர் உண்மையிலேயே விரும்பினால் வழி உண்டு என்பதற்கு இது சான்று. யப்பானும் 2019 ஜூனில் இருந்து, சீட்டுக்களை இலாபத்துக்குத் தொழிலாக மறுவிற்பனை செய்வதைச் சிறையும் தண்டமும் கூடிய குற்றமாக்கியிருக்கிறது.

எல்ல விவகாரத்துக்குப் பின் நமது புகையிரதத் திணைக்களமும் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டைப் பிரயாணத்தின்போது காட்டவேண்டும் என்பதை வலியுறுத்திற்று. அது சரியான திசை. ஆனால் வண்டிக்குள் சீட்டைப் பரிசோதிப்பவர் உண்மையிலேயே அட்டையைப் பார்த்தாலன்றி, அவ்விதி சுவரில் ஒட்டிய அறிவித்தலாகவே இருந்துவிடும். அத்துடன் விற்கும் முறை பந்தயமாகவே இருக்கும்வரை, உண்மையான அடையாள அட்டை இலக்கங்களை வாடகைக்குக் கொடுக்கும் புதுத்தொழில் ஒன்று பிறக்கவுங்கூடும். வறுமை உள்ள நாட்டில் பெயரும் விலைப்படும்.

என் கருத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். மலையகப் பாதையிலே ஒதுக்கிய ஆசனங்களுக்கு, பிரயாண நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன் ஐந்து நாள் பெயர் பதிய விடவேண்டும். ஓர் அடையாள இலக்கத்துக்கு ஒரு விண்ணப்பம். குடும்பமாயின் எல்லோருடைய இலக்கமும் ஒரே விண்ணப்பத்தில். பின்னர் குலுக்கி எடுத்து, வென்றவருக்குக் காசு கட்ட இரண்டு நாள் தவணை கொடுத்தல், ஓடத் தேவையில்லை. கட்டாதவரின் ஆசனம் அடுத்த பெயருக்குப் போகும். சீட்டைப் பிறருக்கு மாற்றலாகாது; ஆனால் திருப்பிக் கொடுத்தால், சிறு கழிவுடன் பணம் திரும்பக் கிடைக்கவேண்டும். இந்தக் கடைசி விதியை எளிதென்று விட்டுவிடுவர், அதுவே ஆணிவேர். நியாயமாகத் திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோதே நேர்மையான மனிதனும் தரகனைத் தேடிப் போகிறான். உல்லாசப் பிரயாணிகளுக்கு வேறாக, வெளிப்படையாக, உயர்ந்த விலையில் சில பெட்டிகளை வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவர்கள் ஏற்கெனவே அவ்விலையைக் கொடுத்து வந்தனர், தரகனுக்கு. அதைத் திணைக்களம் பெற்றுத் தண்டவாளத்துக்குச் செலவிடட்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளி அப்பாதையைப் பல இடங்களிற் குலைத்துப் போட்டதை எண்ணும்போது அச்செலவு சிறிதன்று.

எஞ்சுவது நிலையத்துச் சாளரத்தின் பங்கு. இணையமும் கடனட்டையும் இல்லாதவருக்கென ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பகுதி ஆசனங்களை நிலையத்தில் நேரிற் பதிவோருக்கு வைத்திருக்கவேண்டும். அவர்களுடைய பெயர்களும் அதே குடத்தில் விழலாம். அப்பகுதி பத்தில் ஒன்றா, நான்கில் ஒன்றா என்பதைக் கொழும்பில் மேசைமுன் இருந்து தீர்மானிக்க இயலாது. ஹப்புத்தளையிலோ ஹற்றனிலோ படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரைக் கேட்டாற் போதும். விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும் வாரத்தில், பெட்டி படுக்கையோடு கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் எத்தனை பேர் நின்றபடியே வந்து சேர்ந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.